சீட்டில் வந்த பெயர்

உலகப் பழங்குடிகள் தினத்துக்கு
பள்ளிக்கு ஓர் இனம் என்று
வட்டார அலுவலகத்தில் சீட்டுக் குலுக்கினார்கள்.
நாகலூருக்கு மசாய்.
எங்களுக்கு வாஷோ.
"வாஷ்பேசினா மிஸ்?" என்றான் மாதேசு.
ஒன்பதாம் வகுப்பு பெஞ்சு தட்டிச் சிரித்தது.
எனக்கும் அதற்குமேல் தெரியாது.

அஸ்தம்பட்டியில் முதல் பஸ்.
போனில் தேடிக்கொண்டே ஏறினேன்.
பதினான்காம் கொண்டை ஊசியில் சிக்னல் அறுந்தது.
அதுவரை கிடைத்ததைக் கரும்பலகையில் போட்டேன்:
அமெரிக்கா. மலைமேல் ஓர் ஏரி.
பைன் கொட்டை பொறுக்கினார்கள்.
குச்சி வளைத்துக் கூடை பின்னினார்கள்.
கைக்குழந்தையைக் கூடையில் கட்டி
முதுகில் சுமந்தார்கள்.

"எல்லாரும் செத்துட்டாங்களா மிஸ்?"
வெண்ணிலா.
"யாரு?"
"இவங்கதான். -னார்கள், -தார்கள்னே எழுதியிருக்கீங்க."

சாக்பீஸ் என் விரலிலேயே நின்றது.

அன்று இறங்கும் பஸ்ஸில் மிச்சத்தைப் படித்தேன்.
இருக்கிறார்கள்.
தேர்தல் வைக்கிறார்கள், அலுவலகம் போகிறார்கள்,
பருவம் வந்தால் வண்டி எடுத்துக்கொண்டு
பைன் கொட்டைக்கும் போகிறார்கள்.
அவர்கள் மொழியில் பேசுகிறவர் கொஞ்சம்பேர்,
அதனால் பிள்ளைகளுக்கு வகுப்பு நடக்கிறது.
ஏரிக்கு அவர்கள் வைத்த பெயர் ஏரி என்பதுதான்.
வந்தவர்கள் வாயில் அது தாஹோ ஆயிற்று.

"ஏரிக்காடு ஏற்காடு ஆச்சில்ல, அப்படி" என்றான் தருமன்,
ஜன்னலைப் பார்த்தபடி.

பிறகு என்னால் அடக்க முடியவில்லை.
அந்தக் கொட்டையைப் பலாக்கொட்டை மாதிரி சுட்டுத் தின்பாங்களா?
சனி ஞாயிறு அங்கேயும் கார் வந்து அடைச்சுக்குமா?
அவங்க ஏரியில படகு யாரு ஏலம் எடுக்கிறது?
சாதிச் சான்றிதழுக்கு எத்தனை தடவை அலையணும்?
(மாதேசின் அப்பா நான்காம் முறையாக
ஆர்டிஓ ஆபீஸ் வாசலில் நின்ற வாரம் அது.)

வாஷோ என்றால் இவ்விடத்து ஆட்கள் என்று பொருளாம், என்றேன்.
"நாங்க காஞ்சியிலருந்து வந்தவங்க மிஸ்,
அண்ணன் தம்பி மூணு பேரா.
வந்து எத்தனை வருஷம் ஆனா இவ்விடத்து ஆளு?"
யார் கேட்டதென்று கவனிக்கவில்லை.

ஏரிக்கரையில் அவர்கள் தொழும் பாறை ஒன்று.
அதைக் குடைந்து நெடுஞ்சாலை போகிறது.
இதைச் சொன்னதும் வகுப்பு அடங்கிவிட்டது.
சேர்வராயன் குகைக்குள்
குனிந்து போய்வந்த தலைகள் அத்தனையும்.
"உள்ள இருந்தது எங்க போச்சு?"
போன் அதைச் சொல்லியிருக்கவில்லை.

தலைமை ஆசிரியர் கடைவீதியிலிருந்து
சாயம் தோய்த்த கோழி இறகும்
ஜிகினா அட்டையும் வாங்கி வந்தார்.
தருமன் தொடவில்லை.
"போன வருஷம் கீழ ஒரு ஸ்கூல்ல
எங்கள மாதிரி வேஷம் கட்டினாங்க மிஸ்.
மூஞ்சில கரி. இடுப்புல மாந்தழை.
எங்கப்பா திருப்பூர் பனியன்தான் போடுவாரு."

இறகுகள் பீரோவுக்குள் போயின.

விழாவில் எங்கள் மேசைமேல்
ஒரு வரைபடம்,
பாறைக்கு ஒரு களிமண் உருண்டை, துளை இல்லாமல்
(வெண்ணிலா குத்த விடவில்லை),
'பைன் கொட்டை சேலத்தில் கிடைக்கவில்லை' என்றெழுதிய
காலித் தட்டு.
பின்னால் துவைத்த யூனிஃபார்மில் மூன்று பேர்.

"காஸ்ட்யூம் எங்கேம்மா?" என்றார் நடுவர்.
"நான் ஒன்பதாவது படிக்கிற வாஷோ பொண்ணு சார்.
இன்னிக்கு ஸ்கூல் உண்டு."
அவர் பேனா மூடியைக் கடித்துக்கொண்டு
அடுத்த மேசைக்குப் போனார்.

முதல் பரிசு மசாய்க்கு.
ஈட்டி உண்மையிலேயே நன்றாக இருந்தது.
எங்களுக்குப் பங்கேற்புச் சான்றிதழ்,
'வாசோ' என்று அச்சாகி.

மாதேசு அதை வெளிச்சத்தில் தூக்கிப் படித்தான்.
"பேர்ல ஓரெழுத்து மாறினாலும்
அப்புறம் செல்லாது மிஸ்.
இப்பவே மாத்திக்கணும்."
நாற்காலிகளை விலக்கிக்கொண்டு
மேடையைப் பார்த்து நடந்தான்.